தோட்டத்துக்கு வெளியே ஒரு தீவு: காட்பரியின் விசுவாசமும் கொள்முதலும்

1

மதமும் வியாபாரமும் சந்திக்கிற இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மதம் முதலாளி மாட்டிக்கொள்ளும் முகமூடி. கழற்றிப் பார், லாபவெறி தெரியும். இதற்கு எதிரே இன்னொரு தரப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிறிஸ்தவனாக இருந்தால் போதாது. கல்லாப்பெட்டி முன்னாலும், திட்டம் தீட்டுகிற மேசையிலும், வீட்டுச் சாப்பாட்டிலும் கிறிஸ்தவனாக இரு என்கிற தரப்பு. 1925 இல் புரூஸ் பார்ட்டன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் இயேசுவை நவீன வணிகத்தின் ஸ்தாபகராகக் காட்டிப் புத்தகம் எழுதினார். அது சக்கைப்போடு போட்டது. 1995 இல் லாரி பெத் ஜோன்ஸ் அவரைத் தலைமை நிர்வாக அதிகாரியாகவே ஆக்கிவிட்டார். இவ்வகைப் புத்தகங்களில் நான் படித்தவரை தாலந்து உவமைக்குக் கிடைக்கிற மரியாதை, கடைசி மணியில் வந்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுத்த திராட்சைத் தோட்ட உவமைக்குக் கிடைப்பதில்லை. அது வேறு கதை.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு தரப்பும் எதிரெதிர். ஆனால் விசுவாசம் நிஜமா போலியா என்பதுதான் விஷயம் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. போலி என்றால் முதல் தரப்பு ஜெயித்தது, நிஜம் என்றால் இரண்டாவது. இந்தக் கேள்வியே பிசகானது என்பது என் வாதம். அதைச் சோதிக்க, விசுவாசம் நிஜம் என்பதில் சந்தேகமே இல்லாத ஒரு வழக்கு வேண்டும். பர்மிங்காமின் காட்பரி குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்.

2

காட்பரிகள் குவேக்கர்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய கலகக்காரச் சபை அது. சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், ஆயுதம் எடுக்க மாட்டார்கள், அரசுத் திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட மாட்டார்கள். அதற்காகச் சிறைக்குப் போனார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் 19ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் அவர்களுக்குச் சரியாகத் திறக்கவில்லை. மிச்சமிருந்தது வியாபாரம். அதையும் சபையின் கண் முன்னால்தான் செய்தாக வேண்டும். பேரம் இல்லாத ஒரே விலை. திவாலானால் சபையை விட்டே நீக்கலாம். கணக்குப் புத்தகம் அவர்களுக்கு ஆன்மீகப் பிரதியும்தான். 1904-05 இல் மாக்ஸ் வெபர் புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய கட்டுரைகளை எழுதியபோது குவேக்கர்களையும் கவனத்தில் எடுத்துக்கொண்டது சும்மா இல்லை.

ஜான் காட்பரி 1824 இல் பர்மிங்காமில் கடை திறந்தார். தேயிலை, காப்பி, குடிக்கிற சாக்லேட் விற்றார். அவர் மதுவிலக்குக்காரர், சாராயத்துக்கு மாற்றாக ஒரு பானம் விற்பது அவருக்கு ஊழியம் மாதிரி. மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் 1861 இல் பொறுப்பேற்றார்கள். 1879 இல் ஊர்ப் புகையை விட்டு வெளியேறி போர்ன்வில்லில் தொழிற்சாலை கட்டினார்கள். 1890களில் ஜார்ஜ் அதைச் சுற்றி ஒரு கிராமத்தையே எழுப்பி, 1900 இல் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வீடு தோட்டம். சாராயக்கடை கிடையாது. சனிக்கிழமை அரைநாள் விடுமுறை, நீச்சல்குளம், விளையாட்டுத் திடல், வேலை தொடங்குமுன் வேத வாசிப்பு. கல்யாணமான பெண்களுக்கு மட்டும் வேலை கிடையாது. அவர்கள் இடம் வீடு என்று முடிவு செய்தாகிவிட்டது. ஞாயிறு காலையில் ஜார்ஜ் தொழிலாளிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவார், பல பத்தாண்டுகள்.

ஃபூக்கோ படித்தவர்கள் இங்கே உடனே பேனாவை எடுப்பார்கள். மேய்ப்பர் அதிகாரம் என்று அவர் சொன்னது இதைத்தானே: மந்தையையும் தனித்தனி ஆட்டையும் ஒருசேரக் கண்காணிக்கிற அக்கறை. சரிதான். ஆனால் அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்த காற்றும் வெளிச்சமும் நிஜமானவை. பர்மிங்காமின் நெரிசல் சந்துகளில் இருந்தவர்களுக்கு அது சொல்லாடல் இல்லை. மேய்ப்பனின் அக்கறை மந்தையின் எல்லையோடு நின்றுபோகும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மந்தையில் யாரைச் சேர்ப்பது என்பதை அந்த அக்கறை தீர்மானிப்பதில்லை. வேறு ஏதோ தீர்மானிக்கிறது.

3

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்பரி வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழப் பாதி சாவோ தோமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருந்த போர்ச்சுகீசியக் காலனி. போர்ச்சுகல் 1870களிலேயே அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்துவிட்டது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லாம் ஐந்து வருஷ ஒப்பந்தத் தொழிலாளிகள் என்று காகிதம் சொன்னது. அங்கோலாவின் உள்நாட்டில் பிடித்து, கடற்கரைக்கு நடத்தி வந்து, அதிகாரி முன் நிறுத்தி, சம்மதமா என்று ஒப்புக்குக் கேட்டுக் கப்பலேற்றுவார்கள். ஐந்து வருஷம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும். அங்கோலாவுக்குத் திரும்பி வந்தவர்கள் அநேகமாக இல்லை.

1901 இல் ஜார்ஜின் அண்ணன் மகன் வில்லியம் காட்பரி கைக்கு ஒரு விற்பனைப் பட்டியல் வந்தது. சாவோ தோமேயில் ஒரு தோட்டம் விலைக்கு. சொத்து விவரத்தில் 200 கறுப்புத் தொழிலாளிகளும் ஒரு வரியாக இருந்தார்கள், எதிரே அவர்களுடைய மதிப்பும். நிலம், மாடு, ஆள் என்று ஒரே பட்டியல். ஒப்பந்தத் தொழிலாளியை யாரும் சொத்துப் பட்டியலில் விலை போடுவதில்லை. கணக்குப் புத்தகத்தை வேதம் போல வாசிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு அந்த ஒரு வரியே போதும். போதுமாகவும் இருந்தது, மனசு உறுத்தியது. அப்புறம் நடந்ததைத்தான் வருஷவாரியாகப் பார்க்க வேண்டும்.

1903 இல் வில்லியம் லிஸ்பன் போனார். புதுச் சட்டம் வந்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள், சந்தேகமிருந்தால் ஆளனுப்பிப் பாருங்கள் என்றார்கள் தோட்டக்காரர்கள். ஜோசப் பர்ட் என்பவரைத் தேர்ந்தெடுத்து, முதலில் போர்ச்சுகீசிய மொழி கற்கவைத்து, 1905 இல் தீவுக்கு அனுப்பினார்கள். இதற்குள் ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் தானாகவே அங்கோலாவின் அடிமைப் பாதையில் நடந்து, வழியில் கிடந்த மரத்தளைகளைப் பார்த்து, 1906 இல் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார். பர்ட்டின் அறிக்கையும் அதையேதான் சொன்னது. ஆனால் அது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக்குப் போனது, அங்கே வார்த்தைகளை மென்மையாக்கும் ஆலோசனை நடந்தது, மொழிபெயர்ப்பு நடந்தது, 1907 கழிந்தது. 1908 கடைசியில் வில்லியமே நேரில் போனார். 1909 மார்ச்சில்தான் இனி வாங்குவதில்லை என்ற அறிவிப்பு வந்தது. எட்டு வருஷம். எட்டு வருஷமும் கொள்முதல் நிற்கவில்லை.

4

இடையில் 1908 செப்டம்பரில் 'ஸ்டாண்டர்டு' என்ற பழமைவாதக் கட்சிச் சார்புப் பத்திரிகை காட்பரியைக் கிழித்து எழுதியது. அதன் நோக்கம் ஒன்றும் புனிதமில்லை. 1901 முதல் 'டெய்லி நியூஸ்' ஜார்ஜின் கையில் இருந்தது. டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கத்துக்குச் சீனக் கூலிகளைக் கொண்டுபோனதை அடிமைமுறை என்று சாடிய லிபரல் பத்திரிகைகளில் அதுவும் ஒன்று. அரைவயிற்றுக் கூலிக்கு உழைப்பவர்கள் நிலையைக் காட்ட 1906 இல் லண்டனில் கண்காட்சியே நடத்தியது. அதற்குப் பழி தீர்க்க எதிரிக்கு ஒரு தீவு கிடைத்தது.

காட்பரி அவதூறு வழக்குப் போட்டது. 1909 கடைசியில் பர்மிங்காமில் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் எட்வர்டு கார்சன், உங்கள் கொக்கோவுக்காக எத்தனை பேர் செத்தார்கள் என்று எப்போதாவது கணக்குப் போட்டதுண்டா என்று வில்லியமைக் கேட்டார். இல்லை என்பதுதான் பதில். வரவு செலவு சுத்தமாக வைத்திருந்தவர்களிடம் இந்த ஒரு கணக்கு மட்டும் இல்லை. ஜூரி காட்பரி பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு ஒரு பார்த்திங், அதாவது கால் பென்னி.

இதையெல்லாம் வேஷம்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சது. ஆனால் வேஷக்காரன் தன் செலவில் ஆளனுப்பித் தனக்கு எதிரான சாட்சியம் தேட மாட்டான். அந்த எட்டு வருஷத்தில் நடந்த ஒவ்வொன்றும் குவேக்கர் ஒழுக்கத்தின்படியே நடந்தது. அவசரப்படாதே, இருபக்கமும் கேள், எதிராளியை அவமானப்படுத்தாதே, இணக்கம் வரும்வரை பொறு. சபைக் கூட்டத்தில் அழகான இந்தப் பண்பு, கொள்முதல் மேசைக்கு வந்ததும் தந்திரோபாயமாகிறது. வாங்குவதை நிறுத்தினால் நம் பேச்சு எடுபடாது, வேறொருவன் வாங்குவான் என்ற வாதமும் சேர்ந்துகொள்கிறது. முழுப் பொய்யான வாதமும் இல்லை. ஆனால் அந்தப் பொறுமைக்கான விலையைக் கொடுத்தவர்கள் பொறுமையாக இருந்தவர்கள் இல்லை. 1909 அறிவிப்புக்கு முன்பே கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், மாற்றுக் கொள்முதலுக்கான ஏற்பாடுகள் தொடங்கியிருந்தன என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஏகாதிபத்தியம் இதில் எங்கே என்று கேட்பீர்கள். நடுவிலேயே இருக்கிறது. டிரான்ஸ்வால் சுரங்கங்களுக்குப் போர்ச்சுகீசிய மொசாம்பிக்கிலிருந்து ஆள் வந்தாக வேண்டும். லிஸ்பனைப் பகைத்துக்கொள்ள லண்டனுக்கு மனசில்லை. மேலும் பிரிட்டன் தானே இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது; அந்த ஆள்பிடிப்பு நின்றதே 1917 இல்தான். ஒப்பந்தம் என்ற சொல் எதையெல்லாம் மூடும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆக, விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையோடு இணைப்பது என்கிறபோது, 'அன்றாடம்' என்பதன் வேலி எங்கே போடப்படுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. போர்ன்வில்லுக்குள் விசுவாசம் தோட்டச் செடி வரை நுழைந்தது. தொழிலாளியின் கல்யாணம் வரை நுழைந்தது. தொழிற்சாலை வாசலில் மூட்டை இறங்குகிற இடத்தில் நின்றுவிட்டது. மூட்டைக்கு அப்பால் இருந்ததற்குச் 'சந்தை' என்று பெயர்.

5

அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை. அதே சபையில் நூற்றைம்பது வருஷம் முன்பு நியூ ஜெர்சியில் ஜான் வுல்மன் இருந்தார். கடைக் குமாஸ்தாவாக இருந்த இளவயதில் முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணின் விற்பனைப் பத்திரத்தை எழுதச் சொன்னார். எழுதினார். பிறகு அப்படி எழுத மறுத்தார். சொந்தக் கடை வளர ஆரம்பித்ததும், இது என்னை விழுங்கிவிடும் என்று வியாபாரத்தைச் சுருக்கித் தையலுக்கும் பழத்தோட்டத்துக்கும் திரும்பினார். அடிமை வைத்திருந்த வீட்டில் தங்கினால் பணிவிடைக்கு அடிமையின் கையில் காசு கொடுப்பார். சர்க்கரையை விட்டார், சாயமிட்ட துணியை விட்டார். பொருள் எந்தக் கை வழியாக வந்தது என்று பின்னோக்கி நடந்துபோவதுதான் அவருடைய பக்தி.

இது தனிமனிதப் பரிசுத்தவாதம், அரசியல் இல்லை என்று நம்மில் சிலர் சொல்லலாம். வுல்மன் வீடு வீடாகப் போய்ச் சக குவேக்கர்களோடு வாதாடினார். பிலடெல்பியா வருடாந்திரக் கூட்டம் 1758 இல் அடிமை வாங்கி விற்பவர்களுக்கு எதிராகத் திரும்பியது. வுல்மன் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1776 இல், அடிமை வைத்திருப்பவர்களைச் சபையை விட்டே நீக்க முடிவு செய்தது. வியாபாரத்தைச் சுருக்கியவர் பேச்சுக்கு எடை இருந்தது. வியாபாரத்தைப் பெருக்கியபடி பேசியவர்கள் எட்டு வருஷம் பேசினார்கள்.

இது பழங்கதையும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோத் தோட்டங்களில் குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களை ஒழிப்போம் என்று பெரிய சாக்லேட் கம்பெனிகள் 2001 இல் ஒப்பந்தம் போட்டன. கெடு 2005 என்றார்கள். பிறகு 2008, 2010, 2020. அந்த 2020 இல் வெளியான சிக்காகோ பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வு, ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் கொக்கோ வேலையில் 15.6 லட்சம் குழந்தைகள் இருப்பதாக மதிப்பிட்டது. வேத வாசிப்பு போய் அறிக்கை வாசிப்பு வந்திருக்கிறது. தவணை வாங்குகிற முறை அப்படியே இருக்கிறது.

மதத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று நினைக்கிற நமக்கும் இது பொருந்தும். இயக்கங்களிலும் பத்திரிகைகளிலும் சனநாயகமாக விவாதிப்போம், இன்னும் தகவல் திரட்டுவோம், இப்போது உடைத்துப் பேசினால் எதிரிக்குச் சாதகம் என்கிறோம். உள்ளே சமத்துவம்; காசு வருகிற இடமும் கூலி போகிற இடமும் வேலிக்கு வெளியே. நம் நேர்மையில் குறை இல்லை என்று நிரூபிப்பது சுலபம். காட்பரியே நீதிமன்றத்தில் நிரூபித்தார், கால் பென்னிக்கு. நமது சொத்துப் பட்டியலில் எந்த வரியைத் தாண்டிப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றி நண்பர்கள் எழுத வேண்டும்.