ஏனாதி: பதவியும் பட்டமும்

பழந்தமிழ்ப் படைத்துறைச் சொற்களுள் ‘ஏனாதி’ என்பதற்குப் ‘படைத்தலைவன்’, ‘சேனாபதி’ என்று ஒரு சொல்லில் பொருள் எழுதிக் கடந்து செல்வது இன்றைய உரைகளில் வழக்கமாகிவிட்டது. சொற்பிறப்பு இப்பொருளுக்குத் துணை நிற்கிறது; சொல் வழங்கிய இடங்கள் அவ்வாறு துணை நிற்கவில்லை.

சொற்பிறப்பில் பெரிய சிக்கல் இல்லை. வடமொழிச் ‘சேனாபதி’ பாகத வடிவின் வழியே தமிழுக்கு வந்தபோது முதலில் நின்ற சகரம் மறைந்தது. இடையில் நின்ற பகரம் வகரமாய் நெகிழ்ந்து கரைந்தது. ‘சிரமணர்’ ‘அமணர்’ ஆனதும், ‘சந்தி’ ‘அந்தி’ ஆனதும் இவ்வழியில்தான். ஆயினும் பிறப்புப் பொருளே வழக்குப் பொருளாக நிலைத்தது என்று கொள்வதற்கு இது போதிய சான்றாகாது. தமிழ் இச்சொல்லை இருமுறை வாங்கியிருக்கிறது என்பதே கருதத்தக்கது. முதன்முறை வந்தது ‘ஏனாதி’. பின்னர் வடமொழி வடிவிலேயே வந்தது ‘சேனாபதி’. முதற்சொல் படைத்தலைமைப் பதவியைத் தொடர்ந்து குறித்து வந்திருந்தால் அதே பதவிக்கு இரண்டாவது சொல் எதற்கு?

பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்து வேள்விக்குடிச் செப்பேடு இவ்வினாவுக்கு விடை தருகிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இச்செப்பேட்டின் தமிழ்ப் பகுதியைப் பாடியவன் சாத்தஞ்சாத்தன். அவன் பெயரோடு ‘சேனாபதி’, ‘ஏனாதி’ ஆகிய இரண்டு சொற்களும் சேர்ந்தே வருகின்றன. இரண்டும் ஒருபொருட் சொற்களாயின் ஒருவன் பெயருக்கு முன்னே அவற்றை அடுக்க வேண்டியதில்லை. அணிக்காக அடுக்கியது என்று ஒதுக்கவும் இயலாது. அரச ஆவணங்கள் பதவியையும் பட்டத்தையும் வேறுபடுத்தி எழுதும் முறைமை உடையவை. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த கிருஷ்ணன் இராமன் ‘சேனாபதி’ என்ற பதவியாலும் ‘மும்முடிச்சோழ பிரமமாராயன்’ என்ற பட்டத்தாலும் சுட்டப்படுகிறான். அங்குப் ‘பிரமமாராயன்’ என்பதற்குப் படைத்தலைவன் என்று எவரும் பொருள் எழுதுவதில்லை. சாத்தஞ்சாத்தனின் ‘ஏனாதி’யையும் அவ்வாறே கொள்வது பொருந்தும். படைத்தலைவன் ஒருவன் செப்பேட்டுக்குத் தமிழ் பாடினான் என்பது தனியே ஆராயத்தக்க செய்தி.

நச்சினார்க்கினியரும் இவ்வேறுபாட்டை அறிந்தே எழுதுகிறார். தொல்காப்பியப் புறத்திணையியலில் வரும் ‘மாராயம்’ என்பதை விளக்குமிடத்து ஏனாதி, காவிதி முதலியவற்றை அரசன் அளிக்கும் சிறப்புகளாகவே அவர் எண்ணுகிறார். சீவக சிந்தாமணி உரையிலோ ஏனாதி மோதிரம் அணிந்த சேனாபதியைக் குறிப்பிடுகிறார். வேள்விக்குடிச் செப்பேட்டுக்கு ஆறு நூற்றாண்டுக்குப் பின்னும் இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. ஒன்று ஆளின் பணியைச் சொல்ல, மற்றொன்று அவன் விரலில் கிடக்கும் சிறப்பைச் சொல்கிறது. மோதிரம் அணிந்தவனெல்லாம் சேனாபதி என்று அவர் சொல்லவில்லை.

உடன் எண்ணப்படும் பட்டங்களும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. ‘காவிதி’ என்பதை அமைச்சர்க்கு உரியதாகவும் ‘எட்டி’ என்பதை வணிகர்க்கு உரியதாகவும் பிரித்துரைப்பது பழைய மரபு. ஆனால் மாங்குளம் தமிழிக் கல்வெட்டில் காவிதி என்று குறிக்கப்படுபவர் வெள்ளறை நிகமத்தைச் சார்ந்தவர். நிகமம் வணிகக் குழு, அமைச்சரவை அன்று. காவிதிக்குக் கூறப்படும் வரையறை மிகப் பழைய சான்றிலேயே நெகிழ்ந்திருக்கும்போது ஏனாதியை மட்டும் இறுகிய படைப்பதவியாகக் காண்பது முறையன்று.

புறநானூற்றில் இச்சொல் இருவர் பெயரோடு வருகிறது. 167ஆம் பாட்டுக்கு ஏனாதித் திருக்கிள்ளியும், 394ஆம் பாட்டுக்குச் சோழிய ஏனாதித் திருக்குட்டுவனும் தலைவர்கள். இரண்டையும் பாடியவர் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் ஒருவரே. ‘ஏனாதி’ என்ற சொல் பாட்டுகளுக்குள் இல்லை, அடிக்குறிப்புகளில்தான் உள்ளது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். அடிக்குறிப்பு தொகுத்தோர் காலத்துச் சொல் வழக்காகவும் இருக்கக்கூடும். பாட்டுகள் காட்டும் செய்தி வேறு. முதற்பாட்டில் கிள்ளி போரில் எதிர்நின்று வாள்வடுப் பட்ட உடலினன். அவனைப் பற்றிக் கேட்பது இனிது, காண்பது இன்னாது என்கிறார் புலவர். அங்கே புகழப்படுவது தன்னுடல் மறம். படையை வகுத்து நடத்தும் திறம் பேசப்படவில்லை. இரண்டாம் பாட்டில் குட்டுவன் வெண்குடை என்னும் ஊர்க்கு உரியவன். சினங்கொண்ட களிறு ஒன்றைப் புலவருக்குக் கொடுக்கிறான். அவர் அஞ்சித் திருப்பிவிட, பரிசில் சிறிதென்று அவர் கருதினார் போலும் என நாணி வேறொரு பெருங்களிறும் கொடுக்கிறான். கொடைக்கு அடையாளமான இந்த நகைச்சுவை அருமையானது. ஆனால் இதிலிருந்தும் சோழரின் முதற்படைத்தலைவன் ஒருவனை வரைந்துகொள்ள முடியாது.

‘குட்டுவன்’ சேரர் வழங்கும் பெயர். ‘சோழிய’ என்ற அடை அவன் பிறந்த குடியைக் காட்டுவதாகக் கொண்டால் பெயரும் அடையும் முரண்படும். ஏனாதிச் சிறப்பை அளித்தவர் யார் என்பதைக் காட்டுவதாகக் கொண்டால் முரண் நீங்கும். பட்டத்துக்குத்தான் கொடுத்தவர் பெயர் தேவைப்படும்.

ஏனாதிநாத நாயனார் வரலாறு இன்னும் தெளிவான சான்று. சுந்தரர் திருத்தொண்டத் தொகையிலேயே இப்பெயர் இருப்பதால், வேள்விக்குடிச் செப்பேட்டை ஒட்டிய காலத்தில் அது ஆட்பெயராகவும் வழங்கியது தெரிகிறது. சேக்கிழார் காட்டும் ஏனாதிநாதர் எயினனூரில் ஈழக்குலச் சான்றார் மரபில் தோன்றியவர். வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியர். அத்தொழிலால் வரும் பொருளை அடியவர்க்குச் செலவிடுகிறார். அதே தொழிலில் தாய உரிமை பேசும் அதிசூரன் தன் வருவாய் குறைந்ததால் பகைகொள்கிறான். இரு தரப்பிலும் சுற்றத்தாரும் மாணவரும் திரள்கிறார்கள். வேந்தன் படை எதுவும் வரவில்லை. முடிவில் பகைவன் நெற்றியில் நீறு கண்டதும் நாயனார் பொரும் எண்ணத்தை விடுகிறார். ஆயுதமற்றவனைக் கொன்ற பழி பகைவனைச் சேரலாகாது என்று வாளையும் பலகையையும் கையில் வைத்திருக்கிறார். இக்கதையில் ஏனாதியைச் ‘சேனாபதி’ என்று மாற்றிப் படித்தால் கதையின் அடிப்படையே பிறழ்ந்துவிடும். வாள்தொழில் உரிமை ஒரு குடும்பத்துக்கு உரியதா, திறமையுடையவனுக்கு உரியதா என்ற பூசல் ஊர்ப்பூசலாக நிகழ்வதற்கு, நாயனார் அரசுப் பதவியில் இல்லாதவராக இருப்பதே பொருந்தும்.

பிற்கால அகராதிகள் ஏனாதிக்கு ‘மந்திரி’, ‘நாவிதன்’ என்ற பொருள்களையும் தருகின்றன. பதவிப் பெயர் என்று கொண்டால் இவை புரியாத தாவல்களாகத் தோன்றும். பட்டம் என்று கொண்டால் தமிழ்ச் சமூக வரலாற்றில் பழகிய நிகழ்ச்சியே இது. ‘முதலி’யும் ‘நாயக’னும் சிறப்புப் பெயராய் இருந்து சாதிப் பெயர்களாய் விரிந்தன, மருத்துவமும் அறிந்த நாவிதரைப் ‘பண்டிதர்’ என்பது அண்மைக்காலம் வரை வழக்கு.

ஊர்ப்பெயர்களில் மட்டும் கவனம் வேண்டும். புதுக்கோட்டைப் பகுதியின் ஏனாதி போன்ற ஊர்களைப் பட்டம் பெற்றவர்க்கு விட்ட நிலத்தோடு இணைத்துப் பார்க்க இடமுண்டு. கும்மிடிப்பூண்டியை அடுத்த ஏனாதிமேல்பாக்கத்தை அவ்வளவு எளிதில் அப்பட்டியலில் சேர்க்கலாகாது. அது நெல்லூர்ப் பகுதியை ஒட்டிய எல்லைப்புறம். யானாதி என்னும் பழங்குடியினர் வாழும் நிலம் அதற்கு அருகிலேயே தொடங்குகிறது. கல்வெட்டுச் சான்று கிடைக்கும்வரை ஒலியொற்றுமை ஒன்றைக் கொண்டு அங்கே ஒரு படைத்தலைவனைக் குடியேற்றுவதற்கில்லை.