இரண்டாவது பெண் எங்கே?

தமிழ் சினிமாவில் பெண்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் "முதல்" என்றுதான் தொடங்குவார்கள். முதல் கதாநாயகி, முதல் பெண் இயக்குநர், முதல் பெண் ஒளிப்பதிவாளர். பட்டியல் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அதே வேலைக்கு அடுத்து வந்தவர் எத்தனை வருஷம் கழித்து வந்தார் என்று எழுதிப் பார்த்தால் பெருமை கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

முதல் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமியிலிருந்தே பார்க்கலாம். திருவையாற்றுப் பெண், சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிக்கு வந்தவர். 1931-இல் எச்.எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' படத்தின் நாயகி. இவர் தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். அந்தக் காலத்து ரசிகர்கள் அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை, பேசும் படம் என்பதே போதுமாக இருந்தது. ஐந்தே வருஷத்தில், 1936-இல், தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு நான்கும் அவரே. படச்சுருள் இன்று கிடைப்பதில்லை.

1930-களைப் பின்னோக்கிப் பார்க்கும்போது ஒன்று வியப்பாக இருக்கிறது. தொழில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. யார் எந்த வேலை செய்யலாம் என்ற கோடு இன்னும் அழுத்தமாக விழவில்லை. 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்துக்குக் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். அந்தக் காலத்தில் மலைக்க வைக்கும் தொகை அது. அவர் போட்டதோ ஆண் வேடம். 1937-இல் 'மின்னல்கொடி'யில் கே.டி. ருக்மணி சண்டைக்காரியாக வந்தார். குடும்பப் பெண்கள் நடிக்க வரமாட்டார்கள் என்று ஊர் பேசிய காலம்தான். அந்தப் பேச்சைப் பொருட்படுத்தாமல் வந்தவர்களிடம் நாடக மேடையின் பயிற்சி இருந்தது, ரசிகர் கூட்டமும் இருந்தது. பேரம் பேச அது போதும்.

எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நீர்வளூரில் 1901-இல் பிறந்த வை.மு. கோதைநாயகி, எழுதிப் பழகுவதற்கு முன்பே தன் முதல் நாடகத்தை வாயால் சொல்லித் தோழியை எழுத வைத்தவர். பிறகு 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். அவருடைய நாவல் 1938-இல் 'அனாதைப் பெண்' என்று படமாயிற்று. அவர் காலமாகி ஆறு வருஷம் கழித்து, 1966-இல், இன்னொரு கதை பத்மினி நடித்த 'சித்தி'யாக வந்து நன்றாக ஓடியது. எழுத்தாளர் லக்ஷ்மியின் கதைகள் 'காஞ்சனா'வாகவும் 'இருவர் உள்ள'மாகவும் மாறின. அனுராதா ரமணனின் கதை 1984-இல் 'சிறை' ஆனது. பெண் எழுதிய கதையை வாங்க இந்தத் தொழில் ஒருபோதும் தயங்கியதில்லை. அதை இயக்க அவளைக் கூப்பிடுவதில்தான் தயக்கம்.

ராஜலட்சுமிக்கு அடுத்த பெரிய பெயர் பானுமதி, 1953-இல் 'சண்டிராணி'. மூன்று மொழியில் எடுக்கப்பட்ட படம். இடையில் பதினேழு வருஷம். பானுமதிக்குச் சொந்தக் கம்பெனி இருந்தது, சொந்த ஸ்டூடியோவும் இருந்தது. யாரும் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அஞ்சலிதேவி அஞ்சலி பிக்சர்ஸ் நடத்தியதும் கண்ணாம்பா கணவரோடு சேர்ந்து படம் எடுத்ததும் அப்படித்தான். முதலாளியாக இருந்தால் நாற்காலி கிடைக்கும். அந்த நாற்காலியை அடுத்தவளுக்குக் கொடுக்க வழி மட்டும் இல்லை.

வழியைத் தேடியவர் சாவித்திரி. 1968-இல் தெலுங்கில் அவர் இயக்கிய 'சின்னாரி பாபலு' படத்துக்கு இசை பி. லீலா, நடனம் ராஜசுலோசனா, கலை மோகனா. பாடகியாக மட்டுமே தெரிந்த லீலாவை இசையமைப்பாளராக்கியதும், நாட்டியம் ஆடிய ராஜசுலோசனாவிடம் நடன அமைப்பைக் கொடுத்ததும், என் கணக்கில், அவர் நடித்த எத்தனையோ படங்களுக்குச் சமம். பிறகு தமிழில் 'குழந்தை உள்ளம்', 1971-இல் 'பிராப்தம்'. பணம் போயிற்று. அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் குடியையும் காதலையும் விரிவாகச் சொல்வார்கள்; அந்தப் பெண்கள் அணியை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள்.

அதேபோல் ஓர் அணி மறுபடி சேர முப்பத்து நான்கு வருஷம் ஆயிற்று. 2002-இல் ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃபிரண்ட்' ஆங்கிலப் படம். ஒளிப்பதிவு ஃபௌசியா ஃபாத்திமா, படத்தொகுப்பு பீனா பால், இசை பவதாரிணி, திரைக்கதை எழுதியவர்களில் சுதா கொங்கராவும் வி. பிரியாவும்.

இடைப்பட்ட காலத்தில் யாருமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 1980-இல் நடிகை லட்சுமி 'மழலைப் பட்டாளம்' இயக்கினார். பி.ஆர். பந்துலுவின் மகள் பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து, 1985-இல் 'சின்ன வீடு' படத்தின் ஒளிப்பதிவாளரானார். அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் கேமரா படித்த சுஹாசினியும் அதே அசோக்குமாரிடம் வேலை பார்த்தவர். 1995-இல் 'இந்திரா' இயக்கினார். கேமரா பிடிக்க வந்தவரை நடிக்க இழுத்துக்கொண்டது தொழில், அது அதன் வழக்கம். இவர்களில் பலருக்குச் சினிமாக் குடும்பம் பின்னால் இருந்தது. வாரிசு என்று ஆண்களைக் கேலி செய்கிறோம், நியாயம்தான். பெண்கள் விஷயத்தில் குடும்பப் பெயர் ஜாமீன் கையெழுத்தாகவும் இருந்திருக்கிறது.

ஏனென்றால் தமிழ் சினிமாவில் இயக்குநராவதற்கு முக்கியமான பள்ளிக்கூடம் உதவி இயக்குநர் வேலைதான். கோடம்பாக்கம், வடபழனி பக்கத்து மேன்ஷன் அறை, டீக்கடை வாசல், லாட்ஜில் ரூம் போட்டு ராத்திரி இரண்டு மணி வரை கதை டிஸ்கஷன். பெயர் இல்லாத பெண் ஒருத்தி அந்த அறைக்குள் எப்படிப் போய் உட்காருவாள்? வீட்டை விடுங்கள், மேன்ஷன்காரரே விடமாட்டார். அலுவலக ஒழுங்கோடு நடக்கும் கம்பெனிகள் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. மணிரத்னத்திடம் வேலை பார்த்த பிரியா 2005-இல் 'கண்ட நாள் முதல்' இயக்கினார். சுதா கொங்கரா 'துரோகி', 'இறுதிச்சுற்று' வழியாக 2020-இல் 'சூரரைப் போற்று'க்கு வந்தார். புஷ்கர்–காயத்ரியிடம் உதவியாளராக இருந்த ஹலிதா ஷமீம் 'பூவரசம் பீப்பீ', 'சில்லுக்கருப்பட்டி' எடுத்தார். ஒரு பெண் இயக்குநரிடம் வேலை கற்றுக்கொண்ட இன்னொரு பெண் இயக்குநர்: இந்த உறவு தமிழில் எவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது!

வியாபாரமும் சும்மா இருக்கவில்லை. படத்தை ஏரியா ஏரியாவாக விற்பார்கள். அதில் செங்கல்பட்டு ஏரியா கொழுத்த ஏரியா. வாங்குகிறவர் முதலில் கேட்பது ஹீரோ யார் என்பதை. பெரிய ஹீரோ கால்ஷீட் கொடுக்காத இயக்குநருக்கு ஏரியா விலை இல்லை. பெண் இயக்குநர்களில் பலர் அந்த வரிசையில்தான் நின்றார்கள். ஹலிதா ஷமீமின் 'ஏலே' 2021-இல் தியேட்டருக்கு வராமல் நேராகத் தொலைக்காட்சிக்குப் போனது.

இதுவரை சொன்னவர்கள் பெயர் உள்ளவர்கள். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே சவுக்குத் தோப்பில் டூயட் எடுக்கும்போது ஹீரோயினுக்குப் பின்னால் ஆடும் குரூப் டான்ஸர்களை எந்தப் பட்டியலும் "முதல்" என்று சொல்லாது. கேரவன் வராத காலத்தில் நாலு பேர் சேலையைப் பிடித்து மறைக்க, நடுவில் நின்று உடை மாற்றுவார்கள். கேரவன் வந்த பிறகும் அது அவர்களுக்கு இல்லை. 2024 ஆகஸ்டில் கேரளத்தில் வெளியான, மலையாள சினிமாவில் பெண்கள் நிலை பற்றிய நீதிபதி ஹேமா குழு அறிக்கையில் உடம்பை உறைய வைக்கும் பகுதிகள் பல உண்டு. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள், நோய் வாங்குகிறார்கள் என்ற பகுதிதான் எனக்கு மறக்கவில்லை. கேரளத்தில் மட்டும் நடப்பதா அது?

மேக்கப் வேலை இன்னொரு கதை. பெண்ணின் முகத்துக்குப் பவுடர் போட ஆண். கூந்தல் பின்ன மட்டும் பெண். மும்பைச் சங்கம் மேக்கப் கலைஞராகப் பெண்களுக்கு உறுப்பினர் கார்டு கொடுக்க மறுத்தது. சாரு குரானா வழக்குப் போட்டார். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அதுவரை பெண் மேக்கப் கலைஞர்கள் சங்கத்துக்காரர் கண்ணில் படாமல் ஒளிந்து வேலை செய்திருக்கிறார்கள்.

கார்டு என்பது இந்தத் தொழிலில் சாப்பாடு. 2018 அக்டோபரில் பாடகியும் டப்பிங் கலைஞருமான சின்மயி பாலியல் தொல்லை பற்றி வெளிப்படையாகப் பேசினார். நவம்பரில் டப்பிங் யூனியன் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சொன்ன காரணம் சந்தா பாக்கி. '96' படத்தில் த்ரிஷாவுக்குக் கொடுத்த குரல் தமிழ்நாடு முழுக்க ஒலித்துக்கொண்டிருந்த நேரம் அது. மறுபடி த்ரிஷாவுக்கு அவர் தமிழில் குரல் கொடுக்க 'லியோ' வரை, 2023 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹேமா அறிக்கையின் சூட்டில், 2024 செப்டம்பரில், தென்னிந்திய நடிகர் சங்கம் தீர்மானம் போட்டது: பாலியல் குற்றம் நிரூபணமானால் ஐந்து ஆண்டு தொழில் தடை. கூடவே, புகாரை ஊடகத்தில் பேசாமல் சங்கத்தின் குழுவிடம் கொண்டுவரச் சொன்னது. குரூப் டான்ஸருக்கு வேறு சங்கம், ஹேர் டிரெஸ்ஸருக்கு வேறு சங்கம். அவர்களுடைய புகார்கள் எந்த மேசைக்குப் போகும் என்பதை அந்தத் தீர்மானம் சொல்லவில்லை.