லின் ஒயிட்டின் குற்றச்சாட்டும் மதுரைச் சமவெளியின் மறுமொழியும்

காட்டுயிர்களின் அழிவுக்குத் திருமறையே வித்திட்டது என்னும் குற்றச்சாட்டு நமக்குப் புதியதன்று. அமெரிக்க வரலாற்றறிஞர் லின் ஒயிட் 1967 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில், சுற்றுச்சூழல் நெருக்கடியின் வரலாற்று வேர்களைப் பற்றி எழுதிய கட்டுரை அதற்குப் பெயர் பெற்றது. அக்கட்டுரையை முற்றிலும் மறுப்பதும் எளிது. அப்படியே ஏற்பதும் எளிது. நாம் வாழும் மண்ணில் நின்று அதனைச் சீர்தூக்கிப் பார்க்க விழைகிறோம்.

ஒயிட்டின் வாதம் இரு கூறுகளை உடையது. உயிரினங்களை ஆளவே மனிதன் படைக்கப்பட்டான் என்ற கொள்கை மேலைக் கிறிஸ்தவத்தில் வேரூன்றியது என்பது ஒன்று. மரத்துக்கும் குன்றுக்கும் ஆவியுண்டு என்ற பழைய நம்பிக்கையைத் திருச்சபை அகற்றியதால் இயற்கையைச் சூறையாடத் தடையின்றிப் போயிற்று என்பது மற்றொன்று. ஆயினும் அவர் சமயத்தின் பகைவர் அல்லர். தீர்வும் சமயத்திலிருந்தே வரவேண்டும் என்று கூறி, அசிசி பிரான்சிஸை முன்மாதிரியாகக் காட்டினார்.

இரண்டாம் கூற்றை மதுரைச் சமவெளி ஐயுறச் செய்கிறது. மேலூர் வட்டாரக் குன்றுகளில் சமணப் படுகைகளும் குடைவரைக் கோயில்களும் உள்ளன. ஆயினும் அவ்வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டன. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இராசாளியும் வல்லூறும் தேவாங்கும் அழுங்கும் வாழும் அவ்விடத்தையும் உள்ளடக்கி, 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடைபெற்றது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் ஏலம் நீக்கப்பட்டது. புனித உணர்வு மட்டுமே காவலாகாது. காக்கத் துணியும் அயலார் வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் இதனை இன்னும் தெளிவாக்குகின்றன. நத்தைகுத்தி நாரையும் கொக்கும் அங்கே கூடு கட்டுகின்றன. அவை அஞ்சிப் பறந்துவிடக் கூடாதென்று, அவ்வூரார் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977இல் அது சரணாலயமாயிற்று. பறவையின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பது உண்மையே. ஆனால் பட்டாசுக்கு ஆசைப்படும் பிள்ளையின் கையை ஆண்டுதோறும் தடுத்து நிறுத்துவதற்கு ஆதாயக் கணக்கு மட்டும் போதுமா? அது அயலானுக்காகத் தன்னைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கம்.

இவ்வொழுக்கம் திருமறைக்கு அந்நியமன்று. யாத்திராகமம் 23ஆம் அதிகாரம், ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடக் கட்டளையிடுகிறது. தானாய் விளைவதை ஏழைகள் உண்ண, எஞ்சியது காட்டு விலங்குகளுக்கு உரியதாகிறது. ஏழையும் விலங்கும் ஒரே வயலின் பங்காளிகள்! யோபு 39இல் காட்டுக் கழுதை எவனுக்கும் அடிமையாகாமல், கடவுளால் பேணப்படுகிறது. ஒயிட் இப்பகுதிகளை எடைபோடவில்லை. அவரது ஆய்வின் பெருங்குறை இதுவே.

ஆயினும் இக்குறையை அவர்மேல் மட்டும் சுமத்த இயலுமோ? அறுப்பின் பண்டிகைகளில் எத்தனை முறை நாம் ஆதியாகமத்தின் ஆளுகை வசனத்தை விளக்கினோம்! ஓய்வாண்டின் கட்டளையை எத்தனை முறை எடுத்துரைத்தோம்? ஒயிட் பழித்த கிறிஸ்தவத்தையே நமது பிரசங்கபீடங்களும் பறைசாற்றி வந்தனவெனில், அவருக்கு மறுப்புக் கட்டுரை எழுதுவதனால் பயனில்லை. வெடியோசை கேளாத அக்கண்மாய்க் கரையில் சற்று நேரம் நின்றபின், நாம் நமது அடுத்த பிரசங்கத்தை ஆயத்தம் செய்வோமாக.