வேட்டைத் துப்பாக்கியின் அழகு எங்கே உள்ளது?

ஒரு கைவினைப் பொருளை மதிப்பிடப் புகும்போது நம் கண் முதலிற் செல்வது அதன் அலங்காரத்தின் மேல்தான். வெள்ளித் தகடு, கொடிப்பூ வேலைப்பாடு, மெருகேறிய மரம் ஆகியவற்றைக் கண்டு 'அருமை' என்கிறோம். நூலின் அட்டையைப் பார்த்து நூலைப் புகழ்வது போன்றது இது. ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து இலண்டன் கைவினைஞர் செய்துதந்த வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய பாராட்டுகள் பலவும் இக்குறைக்கு ஆளானவையே. அவற்றின் உண்மைச் சிறப்பு, எளிதிற் கண்ணிற் படாத இயங்குபகுதியில் உள்ளது என்பதே நம் கருத்து.

சான்றாக, ரிக்பி நிறுவனத்தின் .275 துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். குமாவோன் மலைநாட்டின் சம்பாவத் பகுதியில் மனிதரைக் கொன்று திரிந்த பெண்புலியை ஜிம் கார்பெட் 1907-இல் சுட்டு வீழ்த்தினார். அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு இத்தகைய துப்பாக்கி ஒன்றைப் பரிசளித்தார். பரிசுச் செய்தி பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதிக்கப்பட்டது. துப்பாக்கியின் பெயர் இலண்டன் பெயர். உயிர்ப்பகுதியோ ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊரைச் சேர்ந்த பால் மௌசரின் படைப்பு. 1898-இல் ஜெர்மானியப் படை போர்வீரனுக்கென ஏற்றுக்கொண்ட அமைப்பே பின்னர் வேட்டைக்காரனின் கைக்கும் வந்து சேர்ந்தது.

அதன் உள்ளே சற்று நோக்குவோம். கதவுத் தாழைப்போல முன்னும் பின்னும் ஓடும் எஃகுத் தண்டு ஒன்று. அதன் பக்கவாட்டில் வில்போல் வளைந்து கொடுக்கும் நீண்ட கொக்கி ஒன்று. தோட்டா கீழறையிலிருந்து மேலெழும்போதே அதன் அடிவிளிம்பு இக்கொக்கியில் மாட்டிக்கொள்ளும். சுட்டு முடித்து, வெற்றுறை வெளியே எறியப்படும் வரை பிடி தளர்வதில்லை. உடும்புப்பிடி என்று நாம் சொல்வது இதற்கு முற்றும் பொருந்தும்.

இதனால் விளையும் பயன் என்ன? காயம்பட்ட விலங்கு பாய்ந்து வருகிறது. வேடன் பதற்றத்தில் தண்டைப் பாதி தள்ளிவிட்டு மீண்டும் பின்னுக்கு இழுத்துவிடுகிறான். இப்பிடி இல்லாத அமைப்பில் முதல் தோட்டா முன்னே தங்கிவிட, இரண்டாவது வந்து அதன்மேல் முட்டிச் சிக்கிக்கொள்ளக் கூடும். மௌசர் அமைப்பிலோ, பாதி வழி சென்ற தோட்டா கொக்கியோடு திரும்பிவிடும். மேலும், முன்னே இரண்டு முட்டுகள் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க, அவை தவறினாலும் காக்கப் பின்னே மூன்றாவது முட்டு ஒன்று உண்டு. தோட்டாவின் உறை கிழிந்தால், சுடுவாயு சுடுபவனின் முகத்தில் அறையாமல் விலகிச் செல்லத் துளைகளும் உண்டு. மனிதன் பதறுவான், பொருள் பழுதுபடும் என்று முன்கூட்டியே எண்ணிய அறிவு இது. இதனையே நாம் அழகு என்கிறோம்.

இலண்டன் கைவினைஞரின் பங்கு சிறிதென்று கொள்ளற்க. தோளின் அகலமும் கையின் நீளமும் அறிந்து கட்டையைச் செதுக்குவர்; கைப்பிடி மெலியும் இடத்தில் மரத்தின் ஓட்டம் நேராக அமையுமாறு பார்த்துக்கொள்வர்; அன்றேல் அதிர்ச்சியில் அவ்விடமே பிளக்கும். எடையும் சமநிலையும் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கார்பெட்டின் அனுபவமே சான்று. 1930-இல் சௌகர் பெண்புலியை அவர் மிக அருகில் எதிர்கொண்டபோது, இடக்கையில் பறவை முட்டைகள் இருந்தன; வலக்கை ஒன்றினாலேயே துப்பாக்கியை மெல்லத் திருப்பிச் சுட்டார். துப்பாக்கி கனம் குறைந்ததாக இருந்தது தமக்கு உதவியது என்று அவரே எழுதியுள்ளார்.

குறைகளையும் கூறுதல் திறனாய்வாளன் கடன். மௌசரின் பாதுகாப்பு விசை மேல்நோக்கி நிமிர்ந்து நிற்பது. தொலைநோக்கி பொருத்துவோருக்கு அது தடையாயிற்று. தோட்டாவைக் கீழறையில் வைக்காமல் நேரே குழலில் இட்டு மூடினால், கொக்கி அதன் விளிம்பைத் தாண்டி எளிதிற் பற்றாது. வேலையும் மிகுதி, செலவும் மிகுதி.

அச்செலவைக் குறைக்க முனைந்ததன் விளைவை அமெரிக்காவிற் காணலாம். மௌசரின் பிடியைப் பின்பற்றிய வின்செஸ்டர் மாடல் 70 துப்பாக்கியில், 1964-இல் அப்பெருங்கொக்கி நீக்கப்பட்டது. கையால் வெட்டிய கட்டங்களுக்கு மாறாக அச்சழுத்திய கோலங்கள் கட்டையில் இடம்பெற்றன. புதிய அமைப்பு வலிமையிற் குறைந்ததன்று. இலக்குத் தவறாமையிலும் குறைந்ததன்று. ஆயினும் வேட்டைக்காரர் மனம் ஒப்பவில்லை. 1964-க்கு முற்பட்டவற்றையே தேடி வாங்கினர். 1990-களின் தொடக்கத்தில் அந்நிறுவனமே பழைய கொக்கியை மீண்டும் கொண்டுவந்தது. அலங்காரம் குறைந்தது மட்டுமே காரணமாயின், கட்டையை மாற்றினாலே போதுமாயிருந்திருக்கும். கொக்கியைத் திரும்பக் கொணர வேண்டியதில்லை.

இந்தியாவில் 1972-இன் வனவிலங்குச் சட்டம் புலிக்குக் காவலாய் நிற்கிறது, அது நன்று. கொல்லும் கருவியைப் போற்றுவது எவ்வாறு தகும் என்று கேட்போரும் உளர். நாம் போற்றுவது கொலையை அன்று. ஒருவன் தன் உயிரை ஒப்படைக்கும் பொருளைக் கைவிடாதவாறு செய்துதந்த நேர்மையையே போற்றுகிறோம். வெள்ளித் தகடு பரிசு பெற்றவனின் புகழைச் சொல்லும். எஃகுக் கொக்கி செய்தவனின் பொறுப்பைச் சொல்லும். மதிப்பிடுவோர் பின்னதை முதலில் படித்தல் வேண்டும்.