கேதம் கேட்கப் போனவர்கள்

இலங்கையின் மலையகத் தமிழ் எழுத்தில் பிரிவுக்குப் பஞ்சமில்லை. பதுளையிலும் அட்டனிலும் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கிய பயணத்தைக் கதையும் கவிதையும் பலவிதமாகச் சொல்லிவிட்டன. அப்படி வந்தவர்கள் பல ஆண்டு கழித்து, மிச்சமிருக்கும் சொந்தத்தைப் பார்க்கத் திரும்பிப் போனதை எழுதியவர்கள், நான் படித்த வரையில், மிகச் சிலர்தான். இந்தக் குறை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பங்கு நாடுகளுக்கு இடையேதான் என்றாலும் வெட்டு விழுந்தது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள். கட்டிக் கொடுத்த மகள் புருஷன் வீட்டாரின் குடியுரிமை விண்ணப்பத்தோடு இலங்கையில் நின்றாள். அப்பனும் ஆத்தாளும் தம்பிமாரும் மண்டபம் முகாமுக்கு வந்தார்கள்.

அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்குத் தோட்டத்துச் சனம் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. உயிரோடு போகிறவர்களுக்காக ஸ்டேஷனில் மாரடித்து அழுதார்கள். பிரிவைப் பாட வடிவம் தேட வேண்டியிருக்கவில்லை. சாவுக்கு வைத்திருந்த வடிவம் கையில் இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள். எழுத்தாளர்களுக்கும் அது வாய்ப்பாகப் போயிற்று. நடைமேடை, கூட்டம், விசில் சத்தம், அழுகை என்று காட்சி தானாகவே அமைந்துவிடுகிறது. சற்று அதிகமாகவே அமைந்துவிடுகிறது என்பேன். சில கதைகளில் கோச்சி கிளம்பியதும் கதையும் கிளம்பிப் போய்விடுகிறது.

இதற்கு முந்தைய வரிசை வேறு. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும், ஒப்பந்தம் வந்த அதே 1964இல் வெளியான கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் இங்கிருந்து அங்கே போனவர்களின் கதை. சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். ராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோர் அங்கேயே வேர்விட்டவர்களை எழுதினார்கள். தோட்டத்தில் செத்தவர்கள் கல்லறையும் இல்லாமல் தேயிலைத் தூருக்கடியில் கிடப்பதைப் பாடியவர் சி.வி. அவர் தொகுத்த நாட்டார் பாடல்கள் இல்லையென்றால் இந்தத் துறையில் பேசவே பாதிச் சரக்கு இருக்காது.

திரும்பிப் போவது ஏன் எழுதப்படவில்லை? முதலில், போக முடியவில்லை. தாயகம் திரும்பியோருக்கு வேலை தர 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். ‘டேன்டீ’ என்று பின்னால் பெயர் பெற்றது. அங்கே இடம் கிடைக்காமல் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் காண்ட்ராக்டர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. அவர்களிடம் கப்பல் கூலிக்குக் காசு ஏது? இலங்கையில் 1983இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு கப்பலும் நின்றது. 2009 வரை போர். அந்தக் காலத்தில் இக்கரையில் ஆத்தாள் செத்த சேதி அக்கரைக்குப் போய்ச் சேருமுன் கருமாதியே முடிந்துவிடும்.

இப்போது போகிறார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் பிறந்த பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்து, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, திருச்சியில் விமானம் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து மலைக்கு ஏறுகிறார்கள். ஆனால் இது விருந்தாடிப் போவதல்ல. தென்மாவட்டத்து வழக்கப்படி, சாவுக்கு வராதவர் எத்தனை நாள் கழித்து வந்தாலும் முதலில் கேதம் கேட்க வேண்டும். லயத்து வாசலில் நுழைந்ததும் இரண்டு பக்கத்துப் பெண்களும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். இவள் அங்கே செத்த பெரியாத்தாளுக்கு அழுவாள், அவள் இங்கே செத்த சித்தப்பனுக்கு. வருடக்கணக்கில் பாக்கி நின்ற சாவுகளுக்கெல்லாம் அழுது தீர்த்த பிறகுதான் தேத்தண்ணி. கூட வந்த பேரன் யாருக்காக அழுகிறார்கள் என்றே தெரியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அடுத்து, புதைத்த இடம். கல் கிடையாது, தோட்டத்துக் கணக்குத்தான் அடையாளம். “ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, ஓடைக்கு இந்தப் பக்கம்” என்பார்கள். பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தால் அதுவும் போச்சு. கையை நீட்டிக் காட்டுவதோடு சரி.

இதில் நாடகம் குறைவு, அதனால்தான் எழுத்தில் ஏறவில்லை என்று நினைக்கிறேன். ஸ்டேஷன் அழுகைக்கு ஒரு ஊரே சாட்சி. லயத்துக்குள் நடக்கும் அழுகைக்கு வீட்டாரைத் தவிர ஆளில்லை. ஒப்பந்தம், குடியுரிமை, கூலி பற்றி நூல்கள் நிறைய வந்துவிட்டன, அவை வேண்டியவைதான். இரண்டு கரைப் பெண்கள் சேர்ந்து அழும்போது ஒப்பாரி எப்படி மாறுகிறது, பாட்டில் எந்த ஊரைப் பிறந்த ஊர் என்கிறார்கள், பார்க்காமலே செத்தவருக்கு என்ன முறை வைக்கிறார்கள் என்பதை நாட்டார் வழக்காற்றியல் துறையினர் கேட்டுப் பதிவு செய்தால்தான் உண்டு. 1964இல் இருபது வயதாக இருந்தவர்கள் இப்போது எண்பது வயதை எட்டிவிட்டார்கள். அட்டனிலிருந்து வந்த பழைய கடிதங்கள் கோத்தகிரி வீடுகளில் இன்னும் சில டிரங்குப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடுவதிலிருந்தும் தொடங்கலாம்.