சேற்றுக்கு ஏற்ற சில்லு
கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வீரமுனை, சம்மாந்துறை வயல்வட்டைகளில் வடகீழ்ப் பருவமழையோடு பெரும்போக உழவு தொடங்கும்போது, உழவு இயந்திரத்தின் பின்சில்லு சற்று நின்று பார்க்கத் தக்கது. அதன் டயரில் இருபுறமிருந்தும் சாய்வாக நடுவை நோக்கி எழும் தடித்த இறப்பர்ப் பட்டிகள், முன்னோக்கி உருள்கையில் சேற்றைப் பக்கங்களுக்குத் தள்ளித் தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும்படி அமைந்தவை; டயரைத் திசை மாற்றிப் பூட்டினால் சேறு நடுவில் அடைந்து பிடிப்புக் குறைந்துவிடும். பொதுவான உழவு டயர் ஆர்-1 என்றும், நெல்வயலுக்கென ஏறத்தாழ இரு மடங்கு ஆழமான பட்டிகளோடு வருவது ஆர்-2 என்றும் வகுக்கப்படுகின்றன. பக்கச்சுவரில் 13.6-28 என்றிருந்தால், முன்னது டயரின் அகலத்தையும் பின்னது அது ஏறும் இரும்பு வளையத்தின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. பெரிய டயரே நல்லது என்னும் எண்ணம் இங்கே முழுதும் செல்லாது. அகலம் கூடினால் பாரம் பரவி மண் இறுகுவது குறையும் எனினும், விட்டம் கூடினால் அதே கியரில் வேகம் ஏறி இழுவை தளரும். ஆழ்ந்த சேற்றில் இறப்பர்ச் சில்லோடு இரும்புக் கூண்டுச் சில்லும் பூட்டப்படுவதுண்டு. தார் வீதியை அது கிழித்துவிடுமாதலால், கல்முனைப் பக்கம் திரும்புமுன் வயலோரத்திலேயே கழற்றப்பட வேண்டும்.