சுரைக்குடுக்கைக் குழந்தை

மாவட்டத் தலைநகரில் ஏதோ ஒரு ஓட்டல் ஹாலில் நடக்கும் 'வாழ்க்கைத் திறன்' பயிற்சி முகாமை நீங்கள் போகாமலே வர்ணித்துவிடலாம். குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆளுக்கொரு ஃபைல், பந்தைத் தூக்கிப் போட்டுப் பெயர் சொல்லும் விளையாட்டு, பவர்பாயிண்ட், சமோசா, சர்டிஃபிகேட், குரூப் போட்டோ. இங்கே பயிற்சி பெற்றவர் ஒன்றியத்தில் முப்பது பேருக்குச் சொல்வார். அந்த முப்பது பேர் ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். கடைசியில் ஊருக்கு வந்து சேர்வது, ஒரே காபித்தூளில் நாலாவது தடவை இறக்கின டிகாக்ஷன்.

பாடத்தில் குறையில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பத்துத் திறன்களைப் பட்டியல் போட்டது. யோசித்து முடிவெடுப்பது, பிரச்னையைத் தீர்ப்பது, பிறர் நிலையில் நின்று பார்ப்பது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது... யார் வேண்டாம் என்பார்கள்? சிக்கல் என்னவென்றால், 'கேள்வி கேட்கப் பழகுங்கள்' என்று சொல்லித் தருகிறவர், தன் கடைசி ஸ்லைடு முடியும்வரை ஒருத்தரையும் வாய் திறக்க விடுவதில்லை.

இந்த வியாதியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த ஒரு பழைய புத்தகம் இருக்கிறது. 'ஹெல்பிங் ஹெல்த் ஒர்க்கர்ஸ் லேர்ன்'. டேவிட் வெர்னர், பில் பவர் இருவரும் எழுதி 1982-ல் வெளிவந்தது. வெர்னர் டாக்டர் இல்லை, உயிரியல் வாத்தியார். மேற்கு மெக்ஸிகோவில் அஹோயா என்ற மலைக்கிராமத்தில், ஊர்க்காரர்களே நடத்திய சுகாதாரத் திட்டத்தோடு பல வருஷம் இருந்தவர். கிராம சுகாதாரப் பணியாளருக்கு எப்படிக் கற்றுத்தருவது என்பதுதான் விஷயம். பக்கத்துக்குப் பக்கம் கோட்டுப்படங்கள்.

ஒரு உதாரணம் போதும். வயிற்றுப்போக்கில் குழந்தை ஏன் சாகிறது? 'நீரிழப்பு' என்று போர்டில் எழுதி அடிக்கோடு போடலாம். வெர்னர் கோஷ்டி என்ன செய்தது தெரியுமா? ஒரு சுரைக்குடுக்கையில் கண், வாய் வரைந்தார்கள். கீழே ஓட்டை போட்டு ஒரு தக்கை. மேல்பக்கத்தை வெட்டி, ஈரத்துணியால் மூடினார்கள். உள்ளே தண்ணீர். தக்கையைப் பிடுங்கு என்றார்கள். தண்ணீர் இறங்க இறங்க, மேலே துணி குழிந்தது. குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்குகிற மாதிரி! போனது எவ்வளவோ அவ்வளவும் திரும்ப ஊற்றினால்தான் துணி மேலே வரும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். வீட்டில் தம்பிக்குப் பேதி என்றால் எதைப் பார்க்க வேண்டும், என்ன கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஒருத்தர் தான் எப்படிக் கற்றாரோ அப்படித்தான் பிறருக்கும் கற்றுத்தருவார். புத்தகத்தின் உயிர் இந்த ஒரு வரிதான். லெக்சர் கேட்டு வந்தவர் லெக்சர் அடிப்பார். குடுக்கையில் தண்ணீர் ஊற்றி வந்தவர் குடுக்கை தேடுவார். அதற்கு ஜெராக்ஸ் காப்பி வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம்.

நம்மூரிலும் இது நடந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கற்றவர்களே அடுத்தவர்களுக்குக் கற்றுத்தந்தார்கள். பல்லாயிரம் பெண்கள் ஓட்டினார்கள். அங்கே மட்டும் டிகாக்ஷன் ஏன் நீர்க்கவில்லை? சொற்பொழிவு கேட்டு யாராலும் சைக்கிள் ஓட்ட முடியாது. சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடத்தான் வேண்டும்.

புத்தகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. அறுநூறு பக்கத்துக்கு மேல். பயிற்சி தருகிறவரே தூக்கத் திணறுகிற கனம். அஹோயா சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இதை ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற இடத்தில் ஆசிரியர்கள், சின்னதாகவே இருக்கட்டும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். திட்டம் போடுகிற அதிகாரிக்கு இது பதில் ஆகாது.

இன்னொன்று சங்கடமானது. முள் குத்திய காலோடு ஒரு சிறுவன் டெட்டனஸில் இறந்த கதை வருகிறது. 'ஏன்?' என்று வரிசையாகக் கேட்கச் சொல்கிறார்கள். ஏன் முள் குத்தியது? செருப்பில்லை. ஏன் செருப்பில்லை? அப்பா ஏழை. ஏன் ஏழை? இப்படிப் போனால் கேள்வி நிலச்சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கும். முகாமுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் அதுவரை கூட வருவார்களா? 'மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி' என்று கூலி கிடைக்காத பெண்ணுக்குச் சொல்லித்தருவது சுலபம். கூலி ஏன் கிடைக்கவில்லை என்று அவள் கேட்டால்தான் ஹாலில் மைக் ரிப்பேராகிவிடுகிறது. நிஜமான வாழ்க்கைத் திறன் அந்தக் கேள்விதான் என்று இந்தப் புத்தகம் ஒளிக்காமல் சொல்கிறது. அதற்காகவே குறைகளை மன்னிக்கலாம்.

வெளியிட்ட ஹெஸ்பேரியன் நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. எளிய ஆங்கிலம்தான், படித்துப் பாருங்கள். அடுத்த முறை ஒரு பயிற்சி முகாமுக்குப் போக நேர்ந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தவர்களில் எத்தனை பேர் பேசினார்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர் என்றால், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.